கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை

(தோட்டத்துத் தண்ணீர்த் திட்டம் பற்றிப் பேசுவதற்காக மாதர் சங்கமும் இளைஞர் கழகமும் கூட்டிய கூட்டத்தில், எமது நிதியத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை. அன்று வரமுடியாமல் போனவர்களும் வாசிக்க வேண்டும் என்பதற்காக இங்கே தருகிறோம்.)



இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. உடுப்பு துவைக்க, விறகு தேட, கடைக்குப் போய்வர உங்களுக்குக் கிடைக்கிற ஒரே நாள். அதை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

மேமலை ஊற்றிலிருந்து குழாய் போட்டு, ஒவ்வொரு லயத்து வாசலுக்கும் தண்ணீர் கொண்டுவருவதற்குப் பணம் தயாராக இருக்கிறது. இந்த மாத முடிவுக்குள் சம்மதக் கடிதத்தில் சங்கம் கையெழுத்து வைக்க வேண்டும். வைக்கலாமா, வேண்டாமா என்று கேட்டுத்தான் எங்களைக் கூப்பிட்டீர்கள். "நல்ல காரியந்தானே, இதிலே யோசிக்க என்னா இருக்கு?" என்று ஒரு தம்பி வாசலிலேயே கேட்டார். நியாயமான கேள்வி. அந்தத் தம்பிக்குப் பதிலாகச் சில கதைகளைச் சொல்லப் போகிறோம். முதலாவது கதை நாங்களே செய்த தவறைப் பற்றியது.

எங்கள் கணக்கில் எழுத வேண்டிய தவறு

பல வருஷங்களுக்கு முன்னர் வேறொரு தோட்டத்தில் மலசலகூடம் கட்டிக்கொடுக்கப் போனோம். அங்கே இருபது குடும்பத்துக்கு இரண்டே இரண்டு கக்கூஸ், அதுவும் கதவில்லாதவை. பெண்பிள்ளைகள் இருட்டும்வரை காத்திருந்து தேயிலைக்குள்ளே போய்வந்தார்கள். இதைப் பார்த்துவிட்டு யாரால் சும்மா இருக்க முடியும்? பணம் சேர்த்தோம். கல்லும் சீமெந்தும் இறக்கினோம். தோட்டத்து இளைஞர்கள் சிரமதானம் செய்தார்கள்.

எங்கே கட்டுவது என்ற கேள்வி வந்தபோது, லயத்துக்கு மேலே இருந்த மட்டமான நிலத்தைத் தெரிவு செய்தோம். அங்கே குழி தோண்டுவது லேசு. கரத்தை ரோட்டும் பக்கத்தில் ஓடியது. சாமான் சுமக்கத் தேவையில்லை. அப்போது கொழுந்துக் கூடையோடு அந்த வழியால் வந்த ஒரு அம்மாயி நின்று பார்த்துவிட்டு, "தண்ணி மேலேருந்துதானே தம்பி கீழ வருது. கக்கூச மேல வச்சா பீலிக்கு என்னா வரும்?" என்று கேட்டார். நாங்கள் சிரித்துவிட்டு, "குழி ஆழமா வெட்டுறோம் அம்மாயி, பயப்படாதீங்க" என்றோம். அவர் பேச்சு எங்கள் கூட்ட அறிக்கையில் ஏறவில்லை.

தேங்காய் உடைத்து, சூடம் கொளுத்தித் திறந்து வைத்தோம். படம் பிடித்தோம். எல்லோருக்கும் சந்தோஷம்.

அடுத்த தென்மேற்குப் பருவமழையில் லயத்துப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் ஆரம்பித்தது. முதலில் ஒரு காம்பராவில், பிறகு வரிசையாக. ஒரு சின்னப்பிள்ளையை மயங்கிய நிலையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பீலித் தண்ணீரைப் போத்தலில் எடுத்துக்கொண்டு போனார். மலத்தில் இருக்கிற கிருமி அந்தத் தண்ணீரில் இருந்தது. மழைத்தண்ணீர் குழிகளை நிரப்பி, மண்ணுக்குள்ளே ஊறி, பீலி ஊற்றுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. குழிகளை மூடி, பக்கவாட்டில் கீழே தள்ளி மறுபடியும் கட்டினோம். ஒரு வேலைக்கு இரண்டு செலவு. அதற்குப் பிறகும் கனபேர் புதுக் கக்கூசுக்குப் போகவில்லை. "அது வந்துதான் பிள்ளைகளுக்கு வருத்தம் வந்திச்சு" என்று சொல்லி மறுபடியும் தேயிலைக்குள்ளேயே போனார்கள். நோயைத் தடுக்கப் போன நாங்கள் நோயையும் கொடுத்து, மலசலகூடத்தின் மேல் இருந்த நம்பிக்கையையும் கெடுத்துவிட்டோம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய்ப் போனது என்று சொல்வார்களே, அதுதான்.

எங்கள் நோக்கத்தில் குறை இல்லை. கேட்க வேண்டிய ஆளைக் கேட்கவில்லை, பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை. குறை அங்கேதான்.

தேயிலைச் செடியின் கதை

இப்படித் தவறியது நாங்கள் மட்டுமல்ல. படித்த பெரியவர்களும் தவறியிருக்கிறார்கள். நீங்கள் தினமும் தொட்டுப் பழகுகிற தேயிலையிலேயே அந்தக் கதை இருக்கிறது.

கொழுந்து எடுக்கும்போது, இரண்டு மூன்று இலையை நூலால் ஒட்டிக் கூடு போலச் சுருட்டிக்கொண்டு உள்ளே கிடக்கிற பச்சைப் புழுவைப் பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் இலங்கைத் தேயிலைக்கு அது பெரிய சத்துராதியாக இருந்தது. 1935, 1936 ஆம் ஆண்டுகளில் அதற்கு மருந்தாக ஜாவாத் தீவிலிருந்து ஒரு பூச்சியைக் கொண்டுவந்தார்கள். மெக்ரோசென்ட்ரஸ் என்ற மிகச் சிறிய குளவி. நம்மைக் கொட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிற குளவி அல்ல இது. புழுவின் உடம்புக்குள்ளே முட்டை வைக்கும். குஞ்சுகள் உள்ளிருந்தே புழுவைத் தின்று தீர்க்கும். சம்பளமும் இல்லை, பேரும் இல்லை, ராப்பகலாக மலை மலையாக வேலை செய்தது. புழு அடங்கியது.

பிறகு 1950களில் வேறொரு தொல்லை பெரிதானது. கிளையைத் துளைக்கிற சின்ன வண்டு. அது துளைத்த கிளை, கொழுந்து எடுக்கும்போது கை பட்டாலே முறிந்து விழும். அதைக் கொல்ல டீல்டிரின் என்ற மருந்தை அடித்தார்கள். மருந்து வண்டைக் கொன்றது உண்மைதான். ஆனால் அந்தச் சின்னக் குளவியையும் சேர்த்துக் கொன்றுவிட்டது. சுருண்ட இலைக்குள்ளே ஒளிந்திருந்த புழு தப்பிக்கொண்டது. காவற்காரன் செத்தான், கள்ளன் பிழைத்தான். இருபது வருஷமாக அடங்கிக் கிடந்த இலைசுருட்டிப் புழு மறுபடியும் கிளம்பி மலைகளை நாசப்படுத்தியது. கடைசியில் டீல்டிரினைக் கைவிட வேண்டியதாயிற்று.

இதிலே நாம் படிக்க வேண்டிய பாடம் இது. ஒரு பூச்சியைக் கொல்லும்போது அது மட்டும் சாகிறது என்று நினைக்கக் கூடாது. சத்தமில்லாமல் நமக்கு வேலை செய்துகொண்டிருக்கிறவர்கள் யார் என்று முதலில் பார்க்க வேண்டும். அவர்கள் இருக்கும்வரை கண்ணில் படமாட்டார்கள். போன பிறகுதான் தெரியும்.

நாம் கண்ணால் கண்ட இரண்டு

அது பழைய கதை. இனி உங்களுக்கே தெரிந்த இரண்டைச் சொல்கிறோம்.

வடமத்திய மாகாணத்தில் ஏழை விவசாயிகள் பலர் காரணம் தெரியாத சிறுநீரக நோயால் செத்துக்கொண்டிருந்தார்கள். கிளைபோசேட் என்ற களைநாசினிதான் காரணமாக இருக்குமோ என்ற பயத்தில் 2015 ஆம் ஆண்டு அரசாங்கம் அதைத் தடை செய்தது. உயிரைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணத்தை யார் குறை சொல்வது? அந்த மருந்தை முதுகில் சுமந்து அடித்த எங்கள் ஆண்களுக்கும் அது நல்லதென்றே பலரும் நினைத்தோம். ஆனால் அதற்குப் பதிலாக மலையில் என்ன செய்வது என்று யாரும் ஆயத்தம் செய்யவில்லை. புல் இடுப்பளவு ஏறியது. புல்லுக்குள்ளே அட்டை, பாம்பு, குளவிக்கூடு. அந்தக் காட்டுக்குள்ளேதான் நம் பெண்கள் கூடையோடு இறங்கினார்கள். சுரண்டியால் சுரண்டிய இடத்தில் மேல்மண் மழையோடு போனது. சில இடங்களில் வேறு களைநாசினிகளை அடித்தார்கள். பிறகு, எம்.சி.பி.ஏ. என்ற இன்னொரு களைநாசினி தங்கள் நாடு அனுமதித்த அளவுக்கு மேல் இலங்கைத் தேயிலையில் இருப்பதாக யப்பான்காரர்கள் கண்டார்கள். 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடையைத் தளர்த்தினார்கள். சிறுநீரக நோயின் காரணம் பற்றிய வாதமோ அதற்குப் பிறகும் ஓயவில்லை.

மற்றது 2021. அந்த வருஷம் மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்கள். நஞ்சில்லாத சாப்பாடு என்றார்கள். நாட்டில் டொலரும் தட்டுப்பாடாக இருந்தது. சேதனப் பசளை கெட்டதென்று நாங்கள் சொல்ல வரவில்லை. வீட்டுத் தோட்டத்துக்குக் கூட்டுப் பசளை போடச் சொல்லி வந்தவர்களே நாங்கள்தான். ஆனால் பல வருஷமாக ஒன்றைத் தின்று பழகிய செடிக்கு, ஒரே நாளில் அதை நிறுத்தி, பதிலுக்குப் போதுமானது கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? நவம்பர் மாதம் முடிவதற்குள் தடையைத் திருப்பி எடுத்தார்கள். ஆனால் செடி அரசாங்கக் கட்டளைக்கு உடனே தளிர்க்காதே. 2021 இல் நாட்டின் தேயிலை உற்பத்தி ஏறத்தாழ 30 கோடி கிலோ. 2022 இல் அது ஏறத்தாழ 25 கோடி கிலோவாக விழுந்தது. டீசல் இல்லாததும் கரண்ட் வெட்டும் பசளை விலையும் அதிலே சேரும். என்றாலும் தடையின் பங்கு பெரியது. கொழுந்து இல்லாத மலையில் கிலோ எங்கேயிருந்து வரும்? கொழும்பில் எழுதிய கட்டளையின் பாரத்தை, மடுவத்துத் தராசிலே அரைப் பேராக நீங்கள்தான் சுமந்தீர்கள்.

பங்களாதேஷின் கிணறுகள்

இப்போது தண்ணீருக்கு வருகிறோம். இந்தக் கதைக்காகத்தான் மற்றவற்றைச் சொன்னோம்.

பங்களாதேஷில் ஏழைச் சனங்கள் குளத்துத் தண்ணீரையும் வாய்க்கால் தண்ணீரையும் குடித்து வந்தார்கள். வயிற்றோட்டத்தாலும் வாந்திபேதியாலும் பிள்ளைகள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். 1970களில் யுனிசெப் நிறுவனமும் அந்நாட்டு அரசாங்கமும் குழாய்க் கிணறு போடும் வேலையை நாடெங்கும் நடத்தின. நிலத்தடித் தண்ணீரில் கிருமி குறைவு. கையால் அடித்தால் தெளிந்த தண்ணீர் வரும். சனங்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. பிறகு தாங்களே காசு போட்டுப் போட்டார்கள். இலட்சக்கணக்கில் ஏறின கிணறுகள். பெண்களுக்குத் தண்ணீர் சுமக்கிற தூரமும் குறைந்தது.

ஆனால் அந்த ஆற்றுப் படுகை மண்ணுக்குள்ளே இயற்கையாகவே ஆர்செனிக் என்ற நஞ்சு இருந்தது. மனிதர் யாரும் கலந்ததல்ல. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ருசியும் இல்லை. கிணறு போட்ட காலத்தில் தண்ணீரில் ஆர்செனிக் இருக்கிறதா என்று பார்க்கிற வழக்கமே இருக்கவில்லை. உடனே ஆளைக் கொல்கிற அளவிலும் அது இல்லை. வருஷக்கணக்காகக் குடித்த பிறகு உடம்பில் புள்ளிகள், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடித்த காய்ப்பு, அதன் பிறகு புற்றுநோய். 1993 இல்தான் அந்நாட்டுக் கிணற்றுத் தண்ணீரில் ஆர்செனிக் இருப்பது உறுதியானது. 12 கோடியே 50 இலட்சம் சனத்தொகையில் 3 கோடியே 50 இலட்சம் முதல் 7 கோடியே 70 இலட்சம் பேர் வரை ஆபத்தில் இருக்கலாம் என்று 2000 ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் எழுதினார்கள்.

பிறகு ஒவ்வொரு கிணறாகப் பரிசோதித்து, நஞ்சுள்ள கிணற்றுக்குச் சிவப்பும் நல்ல கிணற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். ஒரே வளவில் ஒரு கிணறு சிவப்பாக இருக்கும், கொஞ்சம் தள்ளி இன்னொன்று பச்சையாக இருக்கும். கண்ணால் பார்த்து எதையும் சொல்ல முடியாது.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்று நாம் பழமொழி சொல்கிறோம். அங்கே உண்மையாகவே அப்படித்தான் நடந்தது.

அப்படியென்றால் சும்மா இருப்பதா?

"இவ்வளவையும் கேட்டா, ஒண்ணுமே செய்யாம இருக்கிறதுதான் நல்லம் போல இருக்கே" என்று ஒரு அக்கா முணுமுணுப்பது இங்கே கேட்கிறது. இல்லை அக்கா. சும்மா இருப்பதற்கும் விலை உண்டு. பங்களாதேஷில் கிணறு போடாமல் விட்டிருந்தால் குளத்துத் தண்ணீர் பிள்ளைகளைத் தொடர்ந்து கொன்றிருக்கும். எங்கள் பெண்கள் குடத்தோடு படி ஏறி இறங்கி இடுப்பு ஒடிவதும் ஒரு நோய்தான். குழாய் வேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. கையெழுத்து வைப்பதற்கு முன்னர் சில கேள்விகளைக் கேட்போம் என்றுதான் சொல்கிறோம்.

ஒன்று, அந்த ஊற்றுத் தண்ணீரை இப்போது யார் குடிக்கிறார்கள்? நாம் மேலே குழாய் பூட்டினால் பணிய டிவிஷன் பீலிக்கு என்ன மிஞ்சும்? பிள்ளைக்காம்பராவுக்கும் அந்தப் பீலியிலிருந்துதான் தண்ணீர் போகிறது. அந்த டிவிஷன் ஆட்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் என்று பார்த்தோம். ஒருவர்கூட இல்லை. அவர்களைக் கேட்காமல் வைக்கிற கையெழுத்து நாளைக்குச் சண்டையாக முளைக்கும்.

இரண்டு, கோடையில் அந்த ஊற்று எவ்வளவு தரும்? மழைக்காலத்தில் பார்த்துவிட்டு, "நிறைய ஓடுது" என்று சொல்லக் கூடாது. இதற்கு இஞ்சினியர் தேவையில்லை. 20 லீற்றர் வாளியை வைத்து, அது நிரம்ப எத்தனை செக்கன் என்று மணிக்கூட்டைப் பாருங்கள். 40 செக்கன் எடுத்தால் செக்கனுக்கு அரை லீற்றர், ஒரு நாளைக்கு 43,200 லீற்றர். 200 செக்கன் எடுத்தால் 8,640 லீற்றர்தான். எத்தனை குடும்பம், எத்தனை வாளி என்று நீங்களே கணக்குப் பார்க்கலாம். பெப்ரவரி, மார்ச்சில் அந்த ஊற்று எப்படி இருக்கும் என்பது அங்கே தண்ணீர் எடுத்த வயதானவர்களுக்குத் தெரியும்.

மூன்று, ஊற்றுக்கு மேலே என்ன இருக்கிறது? அங்கே தேயிலை மலை இருக்கிறது. மருந்து அடிக்கிறார்கள், பசளை போடுகிறார்கள். என்ன மருந்து, எப்போது என்று துரையிடம் சங்கமாகப் போய்க் கேட்க வேண்டும். பரிசோதகர் ஐயாவிடம் சொல்லித் தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டும். கிருமிக்கு மட்டும் பார்த்தால் போதாது. தெளிவாக இருக்கிறது என்பது சாட்சி ஆகாது.

நான்கு, வாசலுக்கு வந்த தண்ணீர் எங்கே போகும்? இப்போது துவைப்பதும் குளிப்பதும் பீலிக்கரையில். நாளைக்கு எல்லாம் லயத்து வாசலில் நடக்கும். கான் இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கும், நுளம்பு பெருகும், டெங்கு வரும். அதைவிடப் பயம், சரிவில் தண்ணீர் ஊறினால் மண் இளகும். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி மீரியபெத்தையில் பெருமழையோடு மலை சரிந்து லயங்கள் புதைந்ததை நாம் மறக்க முடியாது. ஆகவே குழாய்க்குப் பணம் என்றால் கானுக்கும் சேர்த்துப் பணம் கேட்க வேண்டும்.

ஐந்து, குழாய் உடைந்தால் யார் கட்டுவது? திறந்து வைத்த அன்று மாலை போட்டவர்கள் அன்றைக்கு வரமாட்டார்கள். மாதம் ஒரு குடும்பம் எவ்வளவு கொடுக்கும், பெட்டி யார் கையில், சாவி யார் கையில் என்று இப்போதே எழுதி வையுங்கள்.

ஆறு, இது பிழைத்துப் போனால் திரும்பி வர வழி இருக்கிறதா? குழாய் வந்த சந்தோஷத்தில் பழைய பீலியை உடைக்காதீர்கள், மூடாதீர்கள். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் போகட்டும். முதலில் ஒரு லயத்துக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டு மற்ற லயங்களுக்குப் போகலாம்.

ஒரு உண்மையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். மாத முடிவுக்குள் கையெழுத்து வைக்காவிட்டால் பணம் வேறு தோட்டத்துக்குப் போகலாம். நாங்கள் மூன்று கிழமை தவணை கேட்டுக் கடிதம் எழுதித் தருவோம். கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. தவணை கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டியவர்கள் நீங்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கப் போகிறவர்கள் நீங்களும் உங்கள் பிள்ளைகளும்தான், நாங்கள் அல்ல.

ஆனால் ஒரு வேலையை இந்தக் கிழமையே தொடங்கலாம். வருகிற ஞாயிறு காலை எட்டு மணிக்கு எல்லோருமாக ஊற்று வரைக்கும் நடப்போம். பணிய டிவிஷனுக்கு இன்றைக்கே ஆள் அனுப்பிச் சொல்லுங்கள். இளைஞர்கள் ஒரு வாளியும் மணிக்கூடும் கொண்டு வரட்டும். ஒருவர் கொப்பியில் எழுதட்டும். அதைவிட முக்கியம், நடக்கக்கூடிய வயதான பெண்களைக் கூட்டிவாருங்கள். நடக்க ஏலாதவர்களின் வீட்டுக்குப் போய்க் கேட்டு வாருங்கள். நாற்பது ஐம்பது வருஷம் அந்த மலையில் கொழுந்து எடுத்தவர்களுக்கு, எந்த மாதம் எந்த ஊற்று வற்றும், எந்தப் பக்கம் மண் இளகும் என்பது எங்கள் வரைபடத்தைவிட நன்றாகத் தெரியும்.

அன்றைக்கு அந்த அம்மாயி சொன்னதை நாங்கள் அறிக்கையில் எழுதவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை கொப்பியின் முதற் பக்கத்தை அப்படிப்பட்டவர்கள் சொல்வதற்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறோம்.